பழைய ஓட்டு வீடு, வாரம் ஒரு பிளான்: எதை முதலில் முடிவு செய்வது? (இணைய மன்றத்தில் ஒரு கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கொல்லைக்கதவு:

வீடு திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் பக்கத்துக் கிராமம். மனை 24 அடி அகலம், 110 அடி நீளம். தெருவிலிருந்து 70 அடி வரை கட்டடம், மீதி கொல்லை. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை), ரேழியை ஒட்டி ஓர் உள் (அறை), முற்றம் வைத்த கூடம், அதன் பின்பக்கம் ஓர் உள், இரண்டாம் கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) அடுப்படியும் சாமான் உள்ளும், பின்னால் கிணறு. சுவரெல்லாம் 14 அங்குலம், சுண்ணாம்புக் கட்டு. சாமான் உள் மட்டும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்பு ஜல்லியும் போட்ட தட்டைக் கூரை), மற்ற இடமெல்லாம் மங்களூர் ஓடு. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்கும் பொது.

தை பிறந்து வேலை தொடங்கியபோது ஓடு மாற்றி, வயரிங் இழுத்து, தரை போடுவது மட்டும்தான் திட்டம். மாசியில் அம்மாவுக்காக (75 வயது) ரேழி உள்ளிலேயே குளியலறை என்று ஆனது. பிறகு வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், கூடத்துக்குப் பின்னால் மாடியில் 12-க்கு 14 அறை வேண்டும் என்றார். அண்ணி முற்றத்தை மூடச் சொல்கிறார், தங்கை மூடவே கூடாது என்கிறாள். போன வாரம் மேஸ்திரி, "ரோடு ஏறிடுச்சு, தரையை ஒன்றரை அடி தூக்கிடலாம்" என்று புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார்.

இப்போதைய நிலை: கூடத்தின் பின்சரிவில் 450 சதுர அடிக்கு ஓடு இறக்கியாகிவிட்டது. குளியலறைப் பைப்புக்காகக் கூடத்துச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, 14 அடி நீளத்துக்கு மூன்றரை அடி ஆழம் தோண்டிக் கிடக்கிறது. மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் பேசியவர். இப்போது எதைச் சொன்னாலும் எக்ஸ்ட்ரா என்கிறார். பங்குனி பாதி போய்விட்டது. எதை உறுதி செய்துகொண்டு மேலே போவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

ரசமட்டம்:

முதலில் அந்தக் குழி. மற்றதெல்லாம் அப்புறம்.

சுவருக்கு ஓர் அடி பக்கத்தில் மூன்றரை அடி ஆழம் என்றால், பழைய கடகாலின் (அஸ்திவாரத்தின்) அடிமட்டம் வரையோ அதற்கும் கீழேயோ போயிருக்கலாம். அடியில் இருப்பது களிமண். கோடை மழை ஒன்று அடித்துக் குழியில் தண்ணீர் நின்றால் மண் இளகிப் பக்கவாட்டில் பிதுங்கும், சுவர் அந்தப் பக்கம் அமரும். இன்றைக்கே ஆற்று மணலோ எம்-சாண்டோ போட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு படை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு (இடித்துக் கெட்டியாக்கி) மூடுங்கள். தோண்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளாதீர்கள், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். மூடுவதற்கு முன் ஒரு முனையில் மட்டும் இரண்டடிக்கு இரண்டடி சுவர் வரை தோண்டி, கடகால் எத்தனை ஆழம், எத்தனை அகலம், அடியில் மணல் படுக்கை இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மாடி பற்றிப் பேச அந்த அளவு வேண்டும்.

அடுத்து லெவல். பழைய வீட்டில் பிளான் மாறாமல் இருக்காது, பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். மாறுவது குற்றமில்லை, எந்த வரிசையில் மாறுகிறது என்பதுதான் காசு. தரைமட்டம், தண்ணீர் போகும் வழி, கூரைப் பாரம் இந்த மூன்றும் அடியில் இருப்பவை. ஒன்று மாறினாலும் மேலே செய்ததெல்லாம் உடைபடும். டைல்ஸ் நிறம், அலமாரி, முற்றத்தின் மேல் கம்பி எல்லாம் கடைசி நாள் வரை மாறலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

இருபது மீட்டர் தெளிவான டியூப் வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வீடு முழுக்கச் சுவரில் ஒரே மட்டக்கோடு அடியுங்கள். அதிலிருந்து கீழே அளந்து ரோட்டு நடு, திண்ணை, ரேழி, கூடம், முற்றத்து அடி, ஜலதாரை (முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி) வாய், அடுப்படி, கொல்லை வாசல், கொல்லைக் கடைசி என்று ஒன்பது இடத்து அளவை இங்கே போடுங்கள். அது தெரியாமல் "ஒன்றரை அடி தூக்கலாமா" என்பதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

கைமரம்:

ஓடு இறக்கிய பகுதிக்குச் சொல்கிறேன். மழைக்கு முன் மூடியாக வேண்டியது அதுதான்.

மரம் வெளியே தெரியும் இந்த வாய்ப்பை விடாதீர்கள். கைமரம் (கூரையைத் தாங்கும் சரிவு மரம்) ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே கூடு. பிறகு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும், நடுவில் இல்லை, சுவருக்குள் புதைந்த முனையில். காற்றுப் படாத அந்த ஆறு எட்டு அங்குலம்தான் முதலில் உளுக்கும். பலகை போல நன்றாக இருக்கும் தேக்கு உத்திரம் முனையில் மட்டும் மாவாகியிருப்பது சாதாரணம். அதற்காக உத்திரத்தையே மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சவுக்கு முட்டோ ஜாக்கியோ கொடுத்துத் தாங்கிவிட்டு, உளுத்த பகுதியை அறுத்து, இரண்டு பக்கமும் 100 மி.மீ. இரும்பு சேனல் வைத்து நல்ல மரத்தில் குறைந்தது இரண்டடி ஏறும்படி 12 மி.மீ. போல்ட் போட்டு முடுக்கினால் போதும். சேனலின் முனை சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு சிறு கான்கிரீட் மெத்தை கொடுங்கள். மரமுனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள், கலவையால் அடைக்காதீர்கள். முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை அடிக்கலாம்.

ஓட்டுக் கணக்கு: நூறு சதுர அடி சரிவுக்கு ஏறக்குறைய 150 மங்களூர் ஓடு. உங்கள் 450-க்கு 675, உடைசலுக்குச் சேர்த்து 750 வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதில் பாதி தேறும். ஆனால் பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒரே சரிவில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு தொழிற்சாலை அச்சிலும் பள்ளமும் கொண்டியும் கொஞ்சம் கொஞ்சம் மாறும்; பூட்டாத இடத்தில்தான் ஒழுகும். நல்ல பழைய ஓட்டையெல்லாம் ஒரு சரிவுக்கும், புதியதை இன்னொரு சரிவுக்கும் பிரித்துவிடுங்கள். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியை மேஸ்திரி சொல்லும் அளவில் அடிக்க விடாதீர்கள். வாங்கிய ஓட்டில் பத்தைத் தரையில் பூட்டி அடுக்கி, நீளத்தை அளந்து பத்தால் வகுத்து அந்த அளவில் அடிக்கச் சொல்லுங்கள்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டாவில் பறந்த ஓடுகளில் பெரும்பகுதி இறவாரத்து ஓடும் முகட்டு ஓடும்தான். கீழ் இரண்டு வரிசையையும் இரண்டு ஓரத்தையும் ஜி.ஐ. கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். கைமரத்தைச் சுவர்த்தட்டு மரத்தோடு பட்டை இரும்பால் பிடியுங்கள். செலவு அற்பம்.

முற்றத்தின் நான்கு மூலையில் சரிவுகள் சந்திக்கும் இடத்துத் தகடு துருப்பிடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். அகலம் இரண்டடிக்குக் குறையாமல், ஓட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் நுழைந்து, ஓரம் மடித்திருக்க வேண்டும். ஓடு போட்டபின் அதைத் தொட முடியாது.

சாமான் உள் மச்சு ஒழுகினால் மேலே சிமெண்ட் கலவை இழுப்பார்கள். ஓர் அங்குலக் கலவை சதுர அடிக்கு ஐந்து கிலோ. இருக்கிற பாரமே அதிகம், அதன் மேல் ஏற்றினால் கீழே கட்டை தொய்யும், தொய்ந்தால் அந்த சிமெண்டே வெடிக்கும். தட்டோட்டை எடுத்து, செத்த ஜல்லியைச் சுரண்டி, செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணலே இல்லாமல், மூன்று அங்குலம் போட்டுக் கட்டையால் அடிக்க வேண்டும். கட்டையின் தடம் பதியாமல் போகும் வரை அடிக்க வேண்டும். நடுநடுவே கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளிப்பு. பிறகு தட்டோடு. சித்திரை வெயிலில் ஈரச்சாக்கு போடாவிட்டால் மறுநாளே மயிர்க்கோடு விழும்.

கொல்லைக்கதவு:

குழியை மூடியாகிவிட்டது. கடகால் ஆழம் 3 அடி, அகலம் இரண்டேகால் அடி, அடியில் ஆறு அங்குலம் மணல். அதாவது பைப் குழி அடிமட்டத்துக்குக் கீழே போயிருந்திருக்கிறது.

லெவல், ரோட்டு நடுவை பூஜ்யமாக வைத்து: திண்ணை +12 அங்குலம், ரேழி +10, கூடம் +11, முற்றத்து அடி −5, ஜலதாரை வாய் தெருப்பக்கம் −7 (ரோட்டோரச் சாக்கடையில் புதைந்திருக்கிறது), அடுப்படி +9, கொல்லை வாசல் −4, கொல்லைக் கடைசி −22. கொல்லைக்குப் பின்னால் பழைய வாய்க்கால். கிணறு கொல்லை வாசலிலிருந்து 8 அடி.

கடகால்_குறிப்பு:

நல்ல அளவுகள். இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

தரையை ஒன்றரை அடி தூக்குவதை மறந்துவிடுங்கள். உங்கள் வாசற்கால் ஆறடி இருந்தால் நாலரை அடியாகும். எல்லா நிலையையும் பிடுங்கி ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரை வெட்ட வேண்டும். ஜன்னல் முழங்காலுக்கு வரும். நிரப்பும் மண் சுவரின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் புதைக்கும், ஈரம் ஒன்றரை அடி இன்னும் மேலே ஏறும். கூடம் ரோட்டைவிட 11 அங்குலம் உயரம்தான். கூடத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை முற்றம். அது ரோட்டுக்கு 5 அங்குலம் கீழே போய்விட்டதால் தெருத் தண்ணீர் ஜலதாரை வழியாக உள்ளே வரும்.

தண்ணீரைத் தெருப்பக்கம் விடும் பழக்கத்தையே திருப்புங்கள். கொல்லைக் கடைசி ரோட்டைவிட 22 அங்குலம் கீழே. முற்றத்து அடி −5. வித்தியாசம் 17 அங்குலம். முற்றத்திலிருந்து கொல்லைக் கடைசி வரை 80 அடி இருக்கலாம், அதாவது 960 அங்குலம். மழைத்தண்ணீருக்கு நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் 10 அங்குலம் போதும். 110 மி.மீ. பைப் தாராளமாக இறங்கும். தெருப்பக்க ஜலதாரையை அடைத்துவிடுங்கள். பைப் வாயில் எதிர்த்தடுப்பு மூடி வையுங்கள், வாய்க்கால் பெருகும் நாளில் தண்ணீர் திரும்பாது. பைப்பைக் கூடத்துச் சுவரை ஒட்டி எடுக்காமல் கூடத்தின் நடுவாக எடுங்கள், ஆழம் ஒன்றேமுக்கால் அடியைத் தாண்டாது.

கணக்குக்கு: முற்றத்தில் வடியும் கூரை 400 சதுர அடி என்றால், ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் 3,700 லிட்டர். ஐப்பசியில் அது அபூர்வமில்லை. சம்ப் வைத்து மோட்டார் போடலாம் என்று யாராவது சொன்னால், அடைமழையில் கரண்ட் இருக்குமா என்று திருப்பிக் கேளுங்கள்.

குளியலறை ரேழி உள்ளில் வேண்டாம். கழிவு பைப்புக்கு அறுபதுக்கு ஒன்று சரிவு. முன்னாலிருந்து கொல்லை வரை 70 அடிக்கு 14 அங்குலம் இறக்கம், தொடக்கத்தில் டிராப்புக்கு (நாற்றம் தடுக்கும் வளைவுக்கு) ஓர் அடி. கொல்லைக்கு வரும்போது தரைமட்டத்திலிருந்து இரண்டடி இரண்டங்குலம் கீழே. கழிவுத் தொட்டியின் (செப்டிக் டாங்க்) நீர்மட்டம் அதற்கும் கீழே. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாளில் நிலத்தடி நீர் அங்கேயே நிற்கும், உறிஞ்சுகுழி வேலை செய்யாது. அதே குளியலறையைச் சாமான் உள்ளுக்குக் கொண்டுபோனால் 15–20 அடி பைப், 4 அங்குல இறக்கம். அம்மாவின் கட்டிலைக் கூடத்தின் பின்பக்க உள்ளுக்கு மாற்றுவது பைப்பை மாற்றுவதைவிட எளிது.

கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 60 அடி தள்ளியிருக்க வேண்டும். உங்கள் மொத்தக் கொல்லையே 40 அடி. ஆகவே உறிஞ்சுகுழி கிடையாது. அடி, பக்கம் எல்லாம் நீர் கசியாத தொட்டி (ஐந்து பேருக்கு உள்ளளவு 1.5 மீ × 0.75 மீ, நீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல்), அதற்குப் பின் தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் அடியும் மூடிய ஜல்லிப் பாத்தி, அதில் கல்வாழை. பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன பம்ப் வேண்டியிருக்கும். கிணற்றை இனிக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியை ஐப்பசி, கார்த்திகையில் காலி செய்யக் கூடாது. வெறும் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கும், பைப் ஒடியும். காலி செய்தால் உடனே தண்ணீர் நிரப்புங்கள்.

மாடி. 12-க்கு 14 அறையின் ஓர் ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 29 கிலோ வீதம் ஏறக்குறைய 4.9 டன். தரையும் கூரையுமாக இரண்டு தளம். 9 அங்குலச் சுவர் பத்தடி உயரம், கதவு ஜன்னல் கழித்து 18 டன் பக்கம். மொத்தம் 28 டன், மேலே ஆட்களும் சாமானும். இப்போது அந்த இடத்தில் இருக்கும் ஓட்டுக்கூரை மரத்தோடு சேர்த்து சதுர அடிக்கு ஆறு கிலோ, ஒரு டன். ஒரு டன் சுமந்த மூன்றடிச் சுண்ணாம்புக் கடகாலில் முப்பது டன்னை வைக்க முடியாது. அதிலும் ஒரு பக்கம் பொதுச்சுவர், அடுத்த வீட்டார் சம்மதம் இல்லாமல் அதில் பாரம் ஏற்றக் கூடாது.

மாடி வேண்டுமென்றால் பழைய சுவரைத் தொடாமல் தனித் தூண்கள். களிமண் கோடையில் வெடிக்கும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போக வேண்டும். இந்த மண்ணுக்கு அண்டர்ரீம்டு பைல்தான் ஏற்றது: அடியில் குமிழ்போல் அகலும் துளைத்தூண், மூன்றரை மீட்டருக்குக் குறையாமல். தோண்டும் குழி சிறிது, பழைய கடகாலை அசைக்காது. புதுக் கட்டடத்துக்கும் பழையதற்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குல இடைவெளி. இரண்டும் வேறு வேறு அளவில் அமரும், சேர்த்துப் பூசினால் முதல் வருடமே கோடு போட்டதுபோல் வெடிப்பு. மண் பரிசோதனை இல்லாமல் எந்த இன்ஜினியரும் இதில் கையெழுத்துப் போடக் கூடாது.

இந்த வருடம் மாடி கட்டாவிட்டாலும் முடிவு இப்போது வேண்டும். பைல் வரும் இடங்களில் இப்போது தரை போட்டால் பிறகு உடைப்பீர்கள்.

ஈரச்சுவர்:

தரை விஷயத்தில் மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு சின்ன மாற்றத்தோடு. அடுப்படி +9, கூடம் +11. எப்படியும் தரையைப் பெயர்க்கப் போகிறீர்கள் என்றால் ரேழியையும் அடுப்படியையும் கூடத்து மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஓரிரண்டு அங்குலம்தான், நிலையைத் தொட வேண்டாம். 75 வயதுக்காரர் தடுக்கி விழுவது பெரிய படியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டங்குலத்தில்தான்.

மேஸ்திரி கீழே மூன்றடிக்கு சிமெண்ட் பூசி முடித்திருப்பாரே? அல்லது அடுத்து அதைத்தான் சொல்வார். சுண்ணாம்புச் சுவர் கீழிருந்து ஈரம் இழுத்து இரண்டு முகத்திலும் மூச்சுவிட்டுக் காய்வது. மூன்றடிக்கு சிமெண்டால் மூடினால் ஈரம் நாலடிக்கு ஏறும், அங்கே உப்பு பூத்துக் காரை பொரியும். மறுபடி நாலடிக்குப் பூசுவார்கள். பொரிந்த உயரத்துக்கு மேலே ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இணைப்பை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். சித்திரை, வைகாசி முழுக்கச் சுவர் திறந்தே காயட்டும். பிறகு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, இரண்டு கையாகப் பூச்சு. மேலே வெள்ளையடிப்புதான், எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி இரண்டு வாரமாவது ஊறவிட வேண்டும், அதனால் இன்றே நீற்றிப் போடுங்கள். பூச்சு வேலை தொடங்கும் நாளில் யோசித்தால் அவசரத்துக்கு சிமெண்ட் மூட்டைதான் வரும்.

குளியலறையில் டைல்ஸைப் பழைய சுவரில் ஒட்ட வேண்டாம். ஓர் அங்குலம் தள்ளி உள்ளே நாலரை அங்குலச் சுவர் எழுப்பி அதில் ஒட்டுங்கள். பக்கத்துக்கு ஆறு அங்குலம் இடம் போகும், அதைக் கணக்கிட்டே அறையின் அளவை முடிவு செய்யுங்கள். கைப்பிடிக் கம்பியை ரா-ப்ளக்கில் (சுவர்த்துளையில் செருகும் உறையில்) மாட்டினால் ஒருநாள் கையோடு வரும். சுவரை ஊடுருவி போல்ட் போட்டு, மறுபக்கம் ஆறு அங்குல இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். உயரம் இரண்டரை அடியிலிருந்து இரண்டேமுக்கால் அடி. கதவு மூன்றடி, வாசற்படி இல்லாமல்.

கூடத்துக்கும் பின் உள்ளுக்கும் நடுவே வாசலை அகலப்படுத்தும் யோசனை வரும், வந்தே தீரும். 14 அங்குலச் சுவரை ஒரே நாளில் இரண்டு பக்கமும் உடைக்காதீர்கள். முட்டுக் கொடுத்து, முதலில் ஒரு முகத்தில் ஏழு அங்குல ஆழம் வெட்டி, ஓர் இரும்பு விட்டத்தை நுழைத்து, மேலே இடைவெளியில் கெட்டிக் கலவையைத் திணித்து, ஒரு வாரம் விடுங்கள். பிறகு மறு முகத்தில் இரண்டாவது விட்டம். இரண்டும் உட்கார்ந்தபின்தான் கீழே உடைக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் 9 அங்குலம் தாங்கல், அடியில் கான்கிரீட் மெத்தை.

கரையான் மருந்துக்கு வருகிறவர்கள் தரையோரம் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு இமிடாக்ளோப்ரிட் (30.5%) லிட்டருக்கு 2.1 மி.லி. கலந்து இறக்குவார்கள். தரை போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். கிணற்றுப் பக்கச் சுவரில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயரிங்: சுண்ணாம்புச் சுவரில் படுக்கை வாட்டில் காடி (வயருக்கான பள்ளம்) வெட்ட விடக் கூடாது, சுவர் அங்கே இரண்டாகப் பிளந்ததுபோல் ஆகும். நெட்டு வாட்டில் மட்டும், மூலையோரமாக. பொதுச்சுவரில் எந்தக் காடியும் வேண்டாம். படுக்கையில் போக வேண்டியதெல்லாம் கூரை மரத்தோரம் அல்லது தரைக்கடியில். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. வயர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம். பிளான் மாறும் வீடு என்பதால் மீட்டர் பெட்டியிலிருந்து பின்கட்டுக்கு இரண்டு வெற்று 25 மி.மீ. பைப்பை உள்ளே இழுகம்பியோடு போட்டு மூடிவையுங்கள். மாடியோ ஏ.சி.யோ எது வந்தாலும் தரை உடையாது. மூடுமுன் டேப் வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள்.

வாரக்கணக்கு:

மேஸ்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய வீட்டை சதுர அடிக் கணக்கில் பேசியதுதான் தப்பு. புது வீட்டில் ஒரு சதுர அடிக்குள் என்னென்ன வேலை என்று இரு தரப்புக்கும் தெரியும். இங்கே தெரியாது, அதனால் அவர் பயத்தில் எக்ஸ்ட்ரா என்கிறார்.

இதுவரை நடந்ததை அளந்து கணக்கு முடித்துவிடுங்கள். இனிமேல் இரண்டு விதம். அளக்கக்கூடிய வேலைக்கு வேலைவாரி ரேட்: பூச்சு, தரை சதுர அடிக்கு; ஓடு போடுவது நூறு சதுர அடிக்கு; கட்டுவேலை நூறு கன அடி யூனிட்டுக்கு; பைப் அடிக்கு. அளக்க முடியாத இடிப்பு, பிரிப்பு, மர ஒட்டு, முட்டுக் கொடுப்பது எல்லாம் நாள் கூலி. கொத்தனார் எத்தனை, பெரியாள் எத்தனை, சித்தாள் எத்தனை என்று அன்றன்று மாலை எழுதிக் கையெழுத்து. சனிக்கிழமை பட்டுவாடா. வேலைவாரியில் நூற்றுக்குப் பத்து பிடித்து, ஓர் ஐப்பசி மழை பார்த்தபின் கொடுப்பதாக இப்போதே பேசுங்கள்.

மாற்றத்துக்கு ஒரு கார்பன் நோட்டு. தேதி, என்ன மாறுகிறது, இதனால் எது வீணாகிறது, கூடுதல் அளவு, ரேட், எத்தனை நாள் தள்ளும். வீட்டு சார்பில் ஒரே ஓர் ஆள் கையெழுத்து. வாட்ஸ்அப்பில் அண்ணன் சொன்னார், அண்ணி போனில் சொன்னார் என்று மேஸ்திரி எதையும் தொடக் கூடாது. "இதனால் எது வீணாகிறது" என்ற பத்தியைப் படித்துக் காட்டினாலே பாதி மாற்றம் தானாகப் போய்விடும்.

மாடிக்கு அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடிக்குட்பட்ட மனைக்கு. உங்களுடையது 24 × 110 = 2,640, அதில் வராது. வழக்கமான வழியில் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, பட்டா யார் பெயரில்? அப்பா பெயரிலோ கூட்டாகவோ இருந்தால், அண்ணன் காசில் மாடி கட்டுவதற்கு முன் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ முடித்துவிடுவது நல்லது. செங்கல் ஏறியபின் அந்தப் பேச்சு எப்போதும் கசப்பாகத்தான் போகும்.

ஆள் விஷயம்: ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் சித்தாள் கிடைக்க மாட்டார்கள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க வீட்டில் விட மாட்டார்கள். மழைக்காலத்தில் சூளை ஓடாது, செங்கல் விலை ஏறும். கூரை, தொட்டி, தரைக்கடிப் பைப் மூன்றும் வைகாசிக்குள். பூச்சும் தரையும் ஆவணி, புரட்டாசி.

கொல்லைக்கதவு:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசியாகிவிட்டது. தரை தூக்குவது இல்லை, ரேழியும் அடுப்படியும் மட்டும் கூடத்து மட்டத்துக்கு வரும். குளியலறை சாமான் உள்ளில். மாடி இந்த வருடம் இல்லை. மண் பரிசோதனை மட்டும் செய்து, பைல் இடங்களைக் குறித்து அங்கே தரையைத் தனிக் கட்டமாகப் போடுகிறோம். பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது, அண்ணன் வரும்போது பதிவு அலுவலகம் போகிறோம். நோட்டில் கையெழுத்து என்னுடையது.

முற்றம் மட்டும் தீரவில்லை. பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினால் என்ன ஆகும்?

கைமரம்:

ஓட்டை ஒட்டி மூடினால் கூடம் கொதிக்கும், சூடு போக வழியில்லை. ஓட்டு மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே தனிச் சட்டத்தில், நான்கு பக்கமும் திறந்து, ஓரம் ஓட்டின் மேல் ஓர் அடி நீட்டி வைத்தால் வெளிச்சம், காற்று இரண்டும் வரும். நேர் மழை விழாது, சாரல் கொஞ்சம் அடிக்கும். ஷீட் தண்ணீரும் ஓட்டில் விழுந்து முற்றத்துக்கே வரும், ஆகையால் கொல்லைப் பைப்பின் அளவைக் குறைக்காதீர்கள். சட்டத்தைக் கைமரத்தில் நிறுத்தாமல் முற்றத்துத் தூண்களுக்கு நேர் மேலே நிறுத்துங்கள், போல்ட்டில் கழற்றும்படி. இறவாரத்து ஓட்டைக் கட்டும்போதே நான்கு தாங்கு இரும்பை உத்திரத்தில் பொருத்திவிட்டால் போதும். ஷீட் போடுவதா வேண்டாமா என்று அண்ணியும் தங்கையும் அடுத்த தை வரை பேசிக்கொள்ளலாம்.